ஒருத்தரும் கூக்காட்டக் கூடாது

கோசிகாவுக்குச் சோறு போட்டது அழுகைதான். லண்டனில் எந்தத் தொலைக்காட்சிக்காரர் அகதிக் கதை எடுத்தாலும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி தேவைப்பட்டால், முதல் போன் அவளுடைய ஏஜென்டுக்குத்தான் வரும். அவள் படகில் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறாள், லொறிக்குள் பறிகொடுத்திருக்கிறாள். ஒருமுறை டோவர் கடற்கரையில், கொட்டுகிற மழைக்குள், கையில் குழந்தைக் காலுக்கான ஒரு சின்னச் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அழுதாள். இத்தனைக்கும் அவள் பிறந்தது லண்டன் இல்ஃபோர்டில். கல்யாணமே இன்னும் ஆகவில்லை.

அந்த அழுகைகளில் அவளுடைய அம்மா தவமலருக்குப் பெருமை தாங்காது. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் இருந்த அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு மகளின் அழுகையும் பரிமாறப்படும். "பொறுங்கோ, இப்ப அழுவா" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தானும் சேர்ந்து அழுவார். வந்தவர்களும் அழுவார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டிறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸில் கை வைப்பார்கள். தவமலரின் ரோல்ஸ் இல்லாமல் குட்மேய்ஸில் ஒரு பிறந்தநாளும் நடந்ததில்லை.

வீட்டுக்குள் இப்படி வாய் ஓயாத தவமலர் வாசலைத் தாண்டினால் வேறு ஆள். வரிசையில் யாராவது முந்திக்கொண்டு போனால் "சாரி" என்று சொல்லிவிட்டு இவர் ஒதுங்குவார். பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பது இவர்தான். கவுன்சிலில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடக் கூட்டத்தில், எங்கே போனாலும் அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அகதியாக வந்து இறங்கிய நாளில் இருந்து அப்படித்தான். சின்ன வயதில் கோசிகாவுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

போன செப்டெம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று பெரிய தொலைக்காட்சித் தொடர், அதில் இன்னுமொரு தாய், இன்னுமொரு படகு. மற்றது கிழக்கு லண்டனில் ஒரு பழைய அரங்கத்தின் கிறிஸ்மஸ் பாண்டோமைம். ஊமை நடிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த நாட்டில் பாண்டோமைம் என்றால் கிறிஸ்மஸ் காலத்தில் ஊருக்கு ஊர் போடுகிற பிள்ளைகள் நாடகம். பாட்டு, குத்துக்கரணம், மீசையை மழித்துவிட்டுப் பெண்வேசம் கட்டிய ஆம்பிளை, முகத்தில் அப்புகிற கிரீம், எல்லாம் உண்டு. சபை சும்மா இருக்கவே கூடாது. நல்லவர் வந்தால் கைதட்ட வேண்டும், கெட்டவர் வந்தால் தொண்டை கிழிய 'கூ' என்று கத்திக் கூக்காட்ட வேண்டும். அந்தக் கூச்சல்தான் கெட்டவருக்குச் சாப்பாடு, சம்பளம், மாலை மரியாதை எல்லாம். கோசிகாவைக் கேட்டது கெட்ட மகாராணி வேசத்துக்கு. நகரத்துப் பிள்ளைகளின் சிரிப்பைப் பறித்துப் போத்தலில் அடைத்துவைக்கிற மகாராணி அவள்.

இரண்டின் திகதிகளும் ஒன்றோடொன்று மோதின. கோசிகா பாண்டோமைமுக்கு ஓம் என்றாள்.

ஏஜென்ட் மெதுவாக இருமினாள். ஒருமுறை பாண்டோக்காரி என்று பெயர் விழுந்தால் பிறகு பெரிய இடங்களில் எவரும் சீரியசாக எடுக்கமாட்டார்கள் என்றாள். நாடகப் பள்ளியில் கூடப் படித்தவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, நல்ல ஜாலியாக இருக்கும் என்றார்கள். நோயாளிக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது அது.

அத்தான் ரதீசனுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அக்காவின் கணவர். தொழில் கணக்காளர், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் செயலாளர், மற்ற நேரமெல்லாம் நீதிபதி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வழக்கை எடுத்தார்.

"நீர் நடிகையோ, கோமாளியோ? முதல்ல அதைச் சொல்லும்."

"அத்தான், இந்த நாட்டில நான் எவ்வளவு வேணுமெண்டாலும் அழலாம். அழுதால் காசு தருவினம், அவார்ட் தருவினம். வாய் விட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு வேசம் இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் தரேல்லை. இதில நான் சிரிச்சுக்கொண்டு வாறன், சிரிச்சுக்கொண்டு போறன். இனி ஒரு படகிலயும் ஏறமாட்டன்."

தவமலர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மகாராணியெண்டா நல்ல மகாராணியோ?"

"கெட்ட மகாராணி அம்மா. நான் வந்தாலே சனம் கூக்காட்டும்."

அம்மா பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டால், குளிர் எப்படி, பனி கொட்டுமோ என்று பேச்சை மாற்றினார். அத்தானின் பேச்சைக் கோசிகா தூக்கி எறிந்துவிடுவாள். அம்மாவின் அந்த மௌனத்தை எறிய முடியவில்லை, அது நெஞ்சிலேயே கிடந்து உறுத்தியது. அம்மா வந்து பார்க்க வேண்டும், பார்த்து வாயடைத்துப் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வெளியே மட்டும், வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

டிசம்பர் முழுக்க நாளுக்கு இரண்டு காட்சி. தலையில் இரும்புக் கிரீடம், கழுத்தில் விசிறி போல ஒரு கண்ணாடிக் கொலர், காலில் அடுக்கு மாடி மாதிரிச் சப்பாத்து. முழங்கால் வீங்கியது, தொண்டை கட்டியது. இஞ்சியும் தேனுமாக வாழ்க்கை ஓடியது. ஆனால் கமராவுக்கு முன்னால் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. அங்கே நன்றாக நடித்தாளா என்று இயக்குநர் தன் முன்னால் இருக்கிற திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஆறு வயதுப் பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லிவிடும். பிடிக்காவிட்டால் சிப்ஸ் பைக்கற் உடைகிற சத்தம் கேட்கும், அதுதான் விமர்சனம். ஒருநாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கதிரைக்கு மேல் ஏறி நின்று, விரலை நீட்டி, "நீ கூடாத ஆள், நான் உனக்குப் பயமில்லை" என்று கத்தினாள். உள்ளே வந்த கோசிகா சுவரில் சாய்ந்து நின்று சந்தோசத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டோவர் மழை முழுவதையும் கொடுத்தாலும் அந்த விரலை அவள் மாற்றிக்கொண்டிருக்க மாட்டாள்.

கிறிஸ்மசுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்கு அம்மா வருவதாக அக்கா போன் பண்ணினாள். தனியாக அல்ல. தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சனம் இரண்டு கோச் பஸ் நிறைய வருகிறதாம், ஏற்பாடு அத்தான்.

கெட்டவர்கள் மேடைக்கு இடப்பக்கமாகத்தான் வர வேண்டும் என்பது பாண்டோவில் பழைய வழக்கம். கோசிகா இடப்பக்க இருட்டில் நின்றாள். இடி இடித்தது, பச்சை வெளிச்சம் விழுந்தது. அடிவயிற்றில் இருந்து எடுத்த சிரிப்போடு அவள் மேடைக்குப் பாய்ந்தாள்.

அரங்கம் கைதட்டியது.

மரியாதையான, அளவான கைதட்டல். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினர் வரும்போது தட்டுவது போல. நடுவில் இருந்த வரிசைகள் முழுக்கக் குட்மேய்ஸ், எல்லாருடைய முகத்திலும் அன்பு வழிந்தது. ஓரங்களில் இருந்த மற்றப் பிள்ளைகள் சிலர் கூக்காட்டத் தொடங்கினார்கள். உடனே நடு வரிசையில் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்ட ஒரு உருவம் திரும்பி, வாயில் விரலை வைத்துக் கெஞ்சியது. பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பொடியனுக்கு ஒரு ரொபி மிட்டாயும் கொடுத்தது. பொடியன் அடங்கினான்.

"என்னைப் பார்த்துக் கூக்காட்ட உங்களுக்கு எவ்வளவு துணிச்சல்!" என்பது கோசிகாவின் அடுத்த வசனம். எழுதியது எழுதியதுதான், ஆங்கிலத்தில் அதை அவள் சொன்னாள். கூக்காட்ட ஒருவரும் இல்லாத சபையில் அந்த வசனம் விழுந்த இடத்திலேயே செத்தது. அதற்கும் சனம் கைதட்டியது. முதல் பாதி முடியும்வரை அவள் மிரட்ட மிரட்டத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஓரத்துப் பிள்ளைகள் சிப்ஸ் பைக்கற்றுகளை உடைக்கத் தொடங்கினார்கள்.

இடைவேளையில் அக்கா ஒரு பெரிய பெட்டி ரோல்ஸோடு மேடைக்குப் பின்னால் வந்தாள். நடிகர்களுக்கு அம்மா கொடுத்துவிட்டதாம். நடந்தது என்ன என்று அவள்தான் சொன்னாள். அம்மா வெள்ளிக்கிழமையில் இருந்து வீடு வீடாகப் போன் பண்ணியிருக்கிறார். என்ர பிள்ளை வரேக்க ஒருத்தரும் கூக்காட்டக் கூடாது, மரியாதையாக் கை தட்டுங்கோ என்று. போதாததற்கு அத்தான் கோச்சிலும் மைக் பிடித்து அதையே அறிவித்திருக்கிறார்.

கோசிகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் நிறைந்தது. கமரா இல்லை, மழை இல்லை, கையில் சப்பாத்தும் இல்லை, ஆனால் அழுகை வந்தது. அம்மா தன்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார், அது விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது. அந்த "சாரி", அந்த ஒதுங்கல், அந்தச் சின்னக் குரல் எல்லாம் கோச் ஏறி வந்து இப்போது அவளுடைய மேடைக்கும் ஏறிவிட்டதே என்கிற கோபம்.

சமையற்காரி வேசம் கட்டுகிற டெரிக் பாவாடையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து நாலாவது ரோல்ஸை முடித்தான். இவ்வளவு நல்ல சனத்தைத் தான் கண்டதில்லை, ஆனால் இந்த நல்லதனம் இரண்டாம் பாதியிலும் தொடர்ந்தால் நம் கதை முடிந்தது என்றான். பிறகு விரலை நக்கிக்கொண்டே, இதைச் செய்தவர் யார், ராணி மாளிகையில் சமைக்கிறவரா என்று கேட்டான். கோசிகா ஒன்றை எடுத்துக் கடித்தாள். மிளகும் இறைச்சியுமாக வாய் நிறைந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த ரோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதியில் மகாராணி வந்தாள். கைதட்டினார்கள். அவள் வசனத்தை விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கு நடந்தாள். கையை உயர்த்தினாள், சபை அடங்கியது.

"குட்மேய்ஸ் சனமே," என்றாள், தமிழில்.

நடு வரிசைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

"இடைவேளையில உங்கட ரோல்ஸ் ஒண்டு திண்டு பாத்தன்."

முகங்கள் மலர்ந்தன. தவமலர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

"முழுக்கக் கிழங்கு. இறைச்சியைத் தேடினன், தேடினன், மருந்துக்கும் காணேல்லை. இதைவிடக் கடையில வாங்கியிருக்கலாம்."

இரண்டு கோச் சனமும் தவமலரைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளிக்கிழமையில் இருந்து அடுப்படியை விட்டு அசையாதவர் அவர். தவமலர் எழும்பினார். குளிர்க்கோட்டு நழுவி விழுந்தது. மேடையில் மகாராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், ஈவிரக்கம் இல்லாமல், அம்மாவின் கண்ணையே பார்த்துச் சிரித்தாள்.

தவமலர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூக்காட்டினார்.

அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கட்டிடம் கேட்டிருக்காது. கோசிகா கேட்டதே இல்லை. அடித்தொண்டையில் இருந்து நீளமாக, மூச்சு முடியும்வரை வந்தது. மூச்சு முடிந்ததும் இன்னொரு மூச்சு இழுத்து அம்மா மறுபடி தொடங்கினார். பின்னால் இருந்த பொடியன் ரொபியைத் துப்பிவிட்டுச் சேர்ந்துகொண்டான். பிறகு குட்மேய்ஸ் முழுக்க எழும்பியது, ஓரங்கள் எழும்பின, கூரை அதிர்ந்தது. அத்தான் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு மற்றவர்களைவிடப் பலமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்துக் கூக்காட்ட உங்களுக்கு எவ்வளவு துணிச்சல்!" என்றாள் மகாராணி. இந்த முறை அந்த வசனம் உயிரோடு பறந்தது.

காட்சி முடிந்து வெளியே வந்தபோது கோச்சுகள் புறப்படத் தயாராக நின்றன. அம்மா நடைபாதையில் காத்திருந்தார். தொண்டை கரகரத்துப் போயிருந்தது.

"ரோல்ஸில இறைச்சி இருந்தது," என்றார்.

"இருந்தது அம்மா. நிறைய இருந்தது."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள் கத்த வேணுமெண்டு."

அம்மா அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்த பச்சை மினுக்கத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "எனக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு எனக்கே தெரியாது," என்றார்.

அத்தான் இடையில் புகுந்தார். இண்டைக்கு நல்லாத்தான் இருந்தது, ஆனால் எதிர்காலத்தை யோசிக்க வேண்டும், வருகிற வருசம் அந்தத் தொடர்க்காரர் மறுபடி கேட்டால் இங்கே கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவர் தொடங்க, தவமலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவள் அழுதது காணும், போதும்," என்றார். பிறகு மகளிடம் திரும்பினார். "அடுத்த ஞாயிறு கோலியர்ஸ் வுட் பக்கத்து எங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். ரோல்ஸ் கொண்டு வரமாட்டன். வேற என்னத்தைச் சொல்லி என்னைக் கத்த வைக்கிறாய் எண்டு பாப்பம்."

அவர் கோச்சில் ஏற, கதவு மூடியது. கோச் அசையப் பார்த்தபோது, ஒரு பளபளப்பான கார் வழியை மறித்துக் குறுக்கே வந்து நின்றது. காருக்குள் இருந்தவன் இவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் போனில் பேசத் தொடங்கினான். டிரைவர் ஹோர்ன் அடித்தார். அவன் அசையவில்லை.

அப்போது கோச்சின் முன்பக்க ஜன்னல் திறந்தது. அதற்குள்ளிருந்து கரகரத்த, நீளமான ஒரு கூ கிளம்பியது. காருக்குள் இருந்தவன் போனைக் கீழே போட்டுவிட்டு, பதறிப்போய், வண்டியைப் பின்னால் எடுத்தான்.