தப்ரேஸ் சிரிக்காத ஒன்பது நாள்

லாரி உதிரி பாகக் கடை வைத்திருக்கும் தப்ரேஸ், ஈ ஓட்டும் நேரமெல்லாம் போனில் கிடப்பவன். அப்படி இரண்டு வீடியோ அவனுக்கு அகப்பட்டன. ஒன்று, போக்கர் சீட்டு ஆடுகிறவர்கள் முகத்தை எப்படிக் கல்லாக வைத்துக்கொள்கிறார்கள், பொய்ச் சிரிப்பில் கண் எப்படிச் சுருங்காது என்று காட்டியது. இன்னொன்று பகுத்தறிந்து யோசிக்கச் சொல்லிக் கொடுத்தது: வேண்டியவர் செய்ததை வேற்றாள் செய்ததாக நினைத்து எடைபோடு, வாய்ச்சொல்லை நம்பாதே, ஆதாரத்தைப் பார். இரண்டையும் மனைவி லுப்னாவுக்கும் போட்டுக் காட்டினான். அதுதான் வினையாயிற்று.

லுப்னா திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் காமெடி பேசப் பெயர் கொடுத்திருந்தாள். முதல் மேடை. தினமும் அவன் முன்னால் நின்று பேசிப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு மாப்ள கன்டெய்னர் லாரிங்க நடுவுல மூணு மணி நேரம் மாட்டிக்கினாரு. சரி, ஓடிடலாம்னு ஆட்டோ புக் பண்ணேன். பாத்தா, ஆட்டோ அவரு பின்னாடியே நிக்குது."

தப்ரேஸுக்கு வயிறு குலுங்கியது. ஆனால் புருஷன் சிரித்தால் அது தீர்ப்பாகுமா, தாட்சண்யம் அல்லவா? அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தான். ஒன்பது நாளும் இதே கூத்து. புத்தி கூடிப்போனால் இப்படித்தான்.

சனிக்கிழமை காலை லுப்னா சொன்னாள்: "நா போவல. பேரை எடுத்துடச் சொல்றேன்."

அவனுக்குப் பகீரென்றது. "இன்னா லுப்னா, செம காமெடியா கீது. சத்தியமா."

"அது வாய்ச்சொல்லு. ஆதாரம் எங்க?"

அவசரமாகச் சிரித்துக் காட்டினான்.

"வாய்தான் சிரிக்குது, கண்ணு சுருங்கல. நீங்க காட்டுன வீடியோதான்."

பாத்ரூம் கதையைச் சொன்னான். "சமாதானத்துக்குச் சொல்றீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரல் உடைந்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயை மூடிக்கொண்டே கெட்டான். தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

நிகழ்ச்சியை நடத்தும் ஞானபாக்கியத்துக்கு அவள் போன் போட்டாள்.

"அக்கா, நா வரல. ஒரே ஒரு ஆளு முன்னாடி பேசுனேன், அவரே சிரிக்கல. மூஞ்சியா அது? பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒக்காந்த மாறியே கீறாரு. போட்டோக்காரன் எப்பவோ கடைய சாத்திகினு பூட்டான், இவரு இன்னும் ஏந்திரிக்கல."

தப்ரேஸ் பல்லைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை. கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, மூச்சு முட்ட முட்டச் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

லுப்னா குனிந்து, அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி, கண்ணைப் பரிசோதித்தாள். பிறகு போனை மறுபடி காதில் வைத்தாள்.

"அக்கா, பேரு இருக்கட்டும். அஞ்சு நிமிஷம் பத்தாது, எட்டா குடு."