நகராத பீக்

ஐந்து மாதமாக நிருபமாவைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது ஒரு படிகம். மிளகளவுகூட இருக்காது. அதன் வழியே லேசர் ஒளியை அனுப்பினால், உள்ளே அணுக்களில் இருக்கும் ஸ்பின் என்னும் குட்டிக் காந்தங்கள் தாமாக நடுங்குவது அந்த ஒளியில் இரைச்சலாகப் பதியும். ஊரெல்லாம் இரைச்சலை வடிகட்டி எறியும். இவள் இரைச்சலை வைத்துக்கொண்டு மற்றதை எறிய வேண்டும். அம்மாவுக்கு இதை விளக்கப் போய், "இதுக்கா பிஎச்.டி.?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வேலையில் ஒரே ஒரு விதி. வெளியே வைத்த காந்தத்தின் பலத்தைக் கூட்டினால், திரையில் கோடு முகடாக எழும் இடம், அதாவது ஸ்பின்களின் பீக், நகர வேண்டும். நகராமல் நின்றால் அது வெளியிலிருந்து வரும் தொல்லை.

முதல் வாரமே ஒரு பீக் வந்தது. காந்தத்தை எப்படித் திருகினாலும் அது அசையவில்லை. பெங்களூரில் புதிது புதிதாக எஃப்.எம். நிலையங்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். டிரான்சிஸ்டரை பீக் நின்ற அதே அலைவரிசை எண்ணில் வைத்தபோது கன்னடப் பாட்டு கணீரென்று கேட்டது. அவளுடைய கைடு சேஷகிரி சிரித்துவிட்டார். நோட்டில் "ரேடியோ. வெட்டிவிடு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நிருபமாவும் சமர்த்தாக ஒரு புரோகிராம் எழுதினாள். அந்த இடத்தை அது தானாகவே வெட்டியெறிந்து மிச்சத்தை மட்டும் சேமிக்கும்.

அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. படிகத்தின் மேல் சந்தேகம், லேசர் மேல் சந்தேகம், கடைசியில் தன் மூளை மேலேயே சந்தேகம். புதன்கிழமை ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் கமிட்டி. கையில் ஒன்றும் இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடுவார்கள். மூன்றாம் வருஷத்தில் மறுபடி பிள்ளையார் சுழி போட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காவிரி பந்த். லேப் டெக்னீஷியன் இராஜமாணிக்கம் விடிவதற்குள் ஜீவனஹள்ளியிலிருந்து சந்துபொந்தாகச் சைக்கிளில் வந்துவிட்டார். படிகத்தைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் அவர் பொறுப்பு.

"மேடம், ஹெப்பகோடிலேர்ந்து நைட்ரஜன் வண்டி வராது. ஓசூர் ரோடு பூரா டயர் கொளுத்துறாங்களாம். ஒரே கேன்தான் கீது. இப்ப ஊத்தவா, நாளைக்கு வெச்சுக்கலாமா?"

அவளுக்கு எதையும் முடிவு செய்யத் தெம்பில்லை. "வெச்சுக்கலாம்" என்றாள். குளிர் இல்லாவிட்டால் படிகம் மெல்லச் சூடாகும். அன்றைய வேலை அவ்வளவுதான். ஆனாலும் கருவியை அணைக்கவில்லை. கம்ப்யூட்டரையும் தன் புரோகிராமையும் விட்டுவிட்டு, கருவியின் சிறிய திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அதில் யாரும் எதையும் வெட்டுவதில்லை.

பத்து மணிக்கு ரேடியோ பீக் இடப்பக்கம் நகர்ந்தது.

கண்ணைக் கசக்கினாள். இன்னும் நகர்ந்தது.

"இராஜமாணிக்கம், ரேடியோ ஸ்டேஷன் நகருமா?"

"ஆபீஸை மாத்தினாலும் நம்பரை மாத்த மாட்டாங்களே மேடம்."

"இது நகருதே!"

அவர் வந்து குனிந்து பார்த்தார். "அங்கயும் ஒண்ணு நிக்குது பாருங்க."

நின்றது. பழைய இடத்தில் ஊசிபோல் ஒரு மெல்லிய பீக். டிரான்சிஸ்டரைப் போட்டார்கள். பந்தோ கிந்தோ, அதே எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஊசிதான் ரேடியோ. நகர்ந்து போனது யார்? காலையிலிருந்து மாறியது ஒன்றே ஒன்று, படிகத்தின் சூடு.

நிருபமாவுக்குப் பளிச்சென்று புரிந்தது. இந்தப் படிகத்துக்குள்ளேயே ஒரு காந்தப்புலம் இருக்கிறது. அதன் முன்னால் அவளுடைய காந்தம் கடலில் கரைத்த பெருங்காயம். அதனால்தான் பீக் அசையவில்லை. சூடேறினால் உள்ளே இருக்கும் புலம் தளரும், பீக் நழுவும். குளிரில் அது போய் நின்ற இடம் ஒரு எஃப்.எம். நிலையத்தின் தலைமேலாக இருந்துதொலைத்தது.

"கேனை ஊத்துங்க!" என்று கத்தினாள்.

அவர் ஊற்றினார். அரை மணியில் பீக் திரும்பி வந்து ஊசியை மூடிக்கொண்டது. இம்முறை வெட்டாமல் பதிவு செய்தாள். சந்தோஷத்தில் ஒரு சுற்று நடந்தாள். இரண்டாவது சுற்றில்தான் உறைத்தது. ஐந்து மாதம், தினமும், தேடியதையே தன் கையால் வெட்டி எறிந்திருக்கிறாள். ஒரு நாள் பதிவுகூட முழுசாக இல்லை.

சேஷகிரிக்கு வீட்டுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பொரிந்தார்: "யாரும்மா உன்னை அதை வெட்டச் சொன்னது?"

நிஜமாகவே மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'நான்தான் சார்' என்று சொல்லிவிட்டால் தொல்லை விட்டது. நோட்டைப் புரட்டினாள்.

"நோட்ல உங்க கையெழுத்து இருக்கு சார்."

கமிட்டியும் வேண்டாம், படிகமும் வேண்டாம் என்று அவள் போனை வைக்கப் போனாள்.

"நிருபமா" என்றார், குரல் இறங்கி. "புதன்கிழமை அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல காட்டணும். என் கையெழுத்தை மட்டும் வெட்டிடாதே."