எழுநூறு கிராம்

“ஆறு பாயிண்ட் ஏழு. ரைட்.”

தராசு காட்டிய எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு டேப்லெட்டில் தட்டினார் பாயிண்ட். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த எண்ணைச் சொன்னாலும் ரைட் கொடுக்காமல் அவரால் நகர முடியாது. அந்தப் பேட்டையில் எல்லோருக்கும் அவர் பாயிண்ட்தான்; சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கூட வருகிறவளுக்கும் அதே கதிதான்; அவள் எடையக்கா.

சத்துப்பொடி சாப்பிட்டால் குழந்தைகள் தேறுகிறார்களா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. முப்பத்தாறு வீடுகள் இவர்கள் பொறுப்பு. வாரா வாரம் எடை, மாதம் ஒரு முறை கைச் சுற்றளவு.

“கேட்டியாம்மா? போன மாசத்தைவிட நூறு கிராம் கூட,” என்றாள் எடையக்கா.

“கூடவா?” தாய் போர்வை சுற்றிய குழந்தையோடு தராசைவிட்டு இறங்கினாள். கழுத்தில் தையல் ஆலையின் அடையாள அட்டை ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் போகாவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். “அப்புறம் ஏங்கா இவ அழவே மாட்டேங்கறா?”

“அழாத பிள்ளைக்கு ஊரே ஆசைப்படுது, நீ குறை சொல்றே,” என்று சிரித்தார் பாயிண்ட்.

அவள் சிரிக்கவில்லை. “பால் குடிக்கவும் மாட்டேங்கறா அண்ணே. வாயில வச்சா அப்படியே தூங்கிடறா.”

“வயித்தால போறது நின்னுச்சா?” என்று கேட்டாள் எடையக்கா.

“நிக்கறதும் போறதுமாத்தான் இருக்கு.”

“சரி, இன்னிக்குக் கை அளக்கற நாள். போர்வைய எடு, பார்க்கலாம்.”

தகரக் கூரையிலிருந்து குளிர் சொட்டாத குறை. தாய் தயங்கித் தயங்கித்தான் சுற்றை அவிழ்த்தாள். போர்வையை எடையக்காவின் கையில் கொடுத்தாள். எடையக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நாடாவைக் குழந்தையின் இடது கையில் சுற்றினாள். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. நாடா பதினொன்று புள்ளி இரண்டில் நின்றது.

மறுபடி சுற்றினாள். அதே இரண்டு.

“என்னங்கா?”

“இரும்மா.” குழந்தையின் விலாவைப் பார்த்தாள். பதினொரு மாதக் குழந்தை. தொடைத் தோல் பெரிய ஆள் சட்டையைப் போட்டதுபோல மடிந்து கிடந்தது. “அண்ணே, டேப்லெட் என்ன சொல்லுது?”

“கை சிவப்பு, எடை பச்சை. ரெண்டும் ஒத்துப்போகல, அடுத்த வாரம் திரும்ப அளக்கவும்னு சொல்லுது. எடை பச்சையா இருந்தா ஆஸ்பத்திரி வண்டி கேக்கற பொத்தானே வராது, உனக்குத் தெரியுமே.”

எடை எப்படிக் கூடும்? தோள் கனத்தது. இதுவரை குழந்தையோடு சேர்த்தே தூக்கிய போர்வையை இப்போதுதான் அவள் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

தாய் முதலில் வெறுங்கையோடு தராசில் ஏறுவாள். பாயிண்ட் பொத்தானை அழுத்தியதும் எண் பூஜ்யமாகும். பிறகு குழந்தையைக் கொடுத்தால் குழந்தையின் எடை மட்டும் தெரியும். துணியில்லாமல்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. குளிர் வந்ததும் தாய்மார்கள் கெஞ்சினார்கள். ஒரு துணிதானே என்று எடையக்காவும் விட்டுவிட்டாள். அப்போது அது நைந்த துண்டாகவோ பழைய புடவைக் கிழிசலாகவோ இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு ஆராய்ச்சி அலுவலகமே வீட்டுக்கொரு தடித்த போர்வை கொடுத்தது.

எடையக்கா போர்வையை மடித்துத் தராசில் வைத்தாள்.

“பூஜ்யம் பாயிண்ட்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ரைட் சொல்லவில்லை.

“எவ்வளவு அண்ணே?”

“ஏழு.”

தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லுங்க.”

“மறுபடி ஏறும்மா. வெறும் குழந்தைய மட்டும் தரேன்.”

ஆறு பாயிண்ட் பூஜ்யம். போன மாதம் ஆறு பாயிண்ட் ஆறு.

“உன் பொண்ணு எடை கூடல. அறுநூறு கிராம் குறைஞ்சிருக்கா. மூணு வாரமா நான் போர்வையையும் சேத்து நிறுத்திருக்கேன்.”

அவள் கத்துவாள் என்று எடையக்கா எதிர்பார்த்தாள். அவள் குரல் இறங்கித்தான் போனது.

“மூணு வாரத்துக்கு முன்னாடி நானே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினேன். செருப்பு மாட்டிட்டேன். நீங்கதான், எடை ஏறியிருக்கு, எதுக்கு அலையறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“உங்க பேச்ச நம்பி செருப்பக் கழட்டினேன்.”

பாயிண்ட் எடையக்காவை வாசல் பக்கம் இழுத்தார். “இங்க பாரு தாயி. இன்னிக்கு ஆறுன்னு மட்டும் மாத்திப் போடறேன். போன வாரம் ஆறு பாயிண்ட் ஒன்பதா இருக்கு. ஒரே வாரத்துல சரிஞ்சதா ஆகும், டேப்லெட் சிவப்பாயிடும், வண்டி வரும். பழசத் தோண்ட வேண்டாம். பிள்ளையும் பிழைக்கும், நம்ம வேலையும் பிழைக்கும்.”

அவளுக்கு அது பிடித்திருந்தது. அரை நிமிஷம் முழுக்கப் பிடித்திருந்தது. வீட்டில் படுக்கையில் கிடக்கும் கணவனை வைத்துக்கொண்டு இந்த வேலையும் போனால் என்ன செய்வது?

“ஒரே வாரத்துல தொள்ளாயிரம் கிராம் போச்சுன்னா ஆஸ்பத்திரில என்ன நினைப்பாங்க அண்ணே?”

“வயித்தால போய் நீர் வத்திப்போச்சுன்னு நினைப்பாங்க.”

“நினைச்சு?”

“டிரிப் ஏத்துவாங்க.”

“கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்ச பிள்ளைக்கு வேகமா டிரிப் ஏத்தினா நெஞ்சு தாங்காதுன்னு பயிற்சில சொன்னாங்களே. நீங்க முன் வரிசைல தூங்கிட்டிருந்தீங்க.”

“தூங்கல. கண்ண மூடிக் கேட்டுட்டிருந்தேன்,” என்றார் அவர். ஆனால் டேப்லெட்டை அவளிடம் நீட்டிவிட்டார்.

அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவே எடுத்தார்.

“சீக்கிரம் சொல்லு. பத்து மணிக்கு மீட்டிங். மூணு வாரமா எல்லா வீட்லயும் ஏறிட்டு வருதே, அதப் பாக்கத்தான் எல்லாரும் வராங்க.”

“அது பொடி இல்ல டாக்டரம்மா. நாம குடுத்த போர்வை.”

மறுமுனையில் பேனா மூடி திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

“எத்தனை வீடு?”

“என் வீடு முப்பத்தாறும். மத்தவங்க எப்படிப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“மீட்டிங் முடியட்டும். சாயங்காலம் நேர்ல வா, பேசலாம்.”

“சாயங்காலம் வரைக்கும் இந்தப் பிள்ளை தாங்காது. கை பதினொண்ணு ரெண்டு, எடை ஆறு. கூப்பிட்டாக் கண்ணத் திறக்க மாட்டேங்கறா. பழைய தப்பு எடைய நீங்கதான் அழிக்க முடியும். அழிச்சுட்டு வண்டி அனுப்புங்க.”

“நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? இத எழுத்துல வாங்குவாங்க. உன் கையெழுத்துல.”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. “வண்டி வருது. உன் வேலைய நான் காப்பாத்துவேன்னு நினைக்காதே.”

“பிள்ளைக்கு இப்ப என்ன குடுக்கறது?”

“சக்கரைத் தண்ணி. ஸ்பூன்ல, கொஞ்சம் கொஞ்சமா. போர்த்தியே வை, உடம்பு சில்லிடக் கூடாது.”

வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதற்குள் எட்டு மணிச் சங்கு ஊதியது. தாய் அடையாள அட்டையைக் கழற்றி அடுப்புத் திண்டில் வைத்தாள். எடையக்கா ஸ்பூனை நீட்டியபோது அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நானே குடுக்கறேன். நீங்க தள்ளியே இருங்க.”

பாயிண்ட் தராசோடு வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டார். வழி முழுக்கத் தாய் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைப் பார்த்ததும் டிரிப் பாட்டிலைத்தான் எடுத்தாள்.

“வயித்தால போகுதா? எத்தனை நாளா?”

“அது மட்டும் இல்ல சிஸ்டர்,” என்று குறுக்கே வந்தாள் எடையக்கா. “ஒரு மாசமாக் கரைஞ்சுட்டு வரா. இந்த எடைக் கார்டுல ஏறின மாதிரி இருக்கும், அது தப்பு. நான் போட்ட தப்பு. பக்கத்துல சரியான எடைய எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

நர்ஸ் கார்டை வாங்கிப் படித்தாள். பாட்டிலைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். “டாக்டர், மெலிவுக் கேஸ். டிரிப் வேண்டாம், மூக்கு வழியா டியூப் போடணும்.” கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. மருந்துவாடை அடித்தது. கூட்டுகிற பெண் வந்து காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்து தாண்டியது.

பத்தே காலுக்குக் கதவின் அந்தப் பக்கம் மெலிசாக ஒரு சத்தம். பூனை என்று எடையக்கா நினைத்தாள். தாய் எழுந்து நின்றுவிட்டாள்.

“அவதான். அழறா.”

நர்ஸ் தலையை நீட்டினாள். “ரத்தத்துல இறங்கின சக்கரை ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் தாண்டணும். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

தாய் சுவரில் சாய்ந்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாக எடையக்காவை நேராகப் பார்த்தாள்.

“உங்க லிஸ்ட்ல இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு?”

“முப்பத்தஞ்சு.”

“அவங்கம்மாங்களும் எடை ஏறியிருக்குன்னுதானே நினைச்சிட்டிருப்பாங்க?”

“ஆமா.”

“அப்ப இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க, போங்க.”

எடையக்கா எழுந்தாள். வாசலில் பாயிண்ட் தராசை மடியில் வைத்துக்கொண்டு வந்த வண்டியிலேயே காத்திருந்தார்.