தேரி வழியே கொற்கைக்கு

ரசீத் இருபத்திரண்டு வருடங்களாக ஓமானில் பாலைவன வண்டி ஓட்டுகிறவன். வெளிநாட்டுப் பயணிகளை மணல்மேடுகளில் ஏற்றி இறக்குவதும், இடிந்து கிடக்கும் பழைய நகரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அவன் பிழைப்பு. மணலைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவனுக்கு ஓர் எண்ணம் உண்டு. அதனால்தான் அவன் மனைவி தஸ்லிமா தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதாகப் போனில் சொன்னபோதெல்லாம், பொழுதுபோக்குக்கு ஏதோ செய்கிறாள் என்று விட்டுவிட்டான்.

தஸ்லிமா மேலப்பாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவள். கொரோனா காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அவள் தபால் வழியில் தொல்லியல் படித்துப் பட்டயம் வாங்கினாள். கூட வேலை பார்த்த நாலைந்து டீச்சர்களோடு முதலில் சும்மா நடந்து பார்த்தாள். பிறகு வனத்துறையில் முறையாக அனுமதி வாங்கி, மார்கழி முதல் மாசி வரைக்கும் இரண்டு நாள் நடைப்பயணமாக அதை வளர்த்துவிட்டாள். முதல் நாள் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் நடை. மறுநாள் ஏரலில் ஆற்றைத் தாண்டி, பாண்டியர் துறைமுகமாயிருந்த கொற்கைக்கு நடை.

இந்த மாசியில் ரசீத் விடுமுறையில் வந்திருந்தான். தானும் வருவதாகச் சொன்னதும் தஸ்லிமா உடனே சம்மதித்தாள்.

"வாங்க மச்சான். ஆனா அங்கன நான்தான் கூட்டிட்டுப் போறவ. நீங்க மத்தவங்க மாதிரி வரிசையில வரணும்."

ரசீத் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அந்தத் தடவை வந்தவர்கள் ஆறு பேர். மதுரையிலிருந்து இரண்டு பேராசிரியைகள், சென்னையிலிருந்து ஓர் இளம் தம்பதி, கோயம்புத்தூரிலிருந்து மகேஸ்வரன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் அவர் மனைவி விஜயஸ்ரீயும். மகேஸ்வரன் உலகம் சுற்றியவர். ஜோர்டானில் மலையைக் குடைந்து கட்டிய நகரத்துக்கு மூன்று நாள் பாலையில் நடந்தே போனதாகவும், அதைப் பார்த்த கண்ணுக்கு இனி எதைக் காட்டினாலும் நிறையாது என்றும் வண்டியிலிருந்து இறங்கும்போதே சொன்னார். ஒவ்வொருவரின் செருப்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே வந்த தஸ்லிமா, அவரிடம் ஒரே ஒரு பாட்டில் இருப்பதைக் கண்டு இன்னொன்றை அவர் பையில் வைத்தாள்.

காலை எட்டு மணிக்கு மணலில் கால் வைத்தார்கள். ஓமானில் ரசீத் பார்த்த மணல் கோதுமை நிறம். இது செங்கல்லை இடித்துச் சலித்துக் கொட்டியதுபோல் இருந்தது. கழுத்து வரை மணலில் புதைந்த பனைகள் ஓலையை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு நின்றன. முந்திரி என்கிற கொல்லாமரங்கள் பூத்திருந்தன. மயில்களின் கால்தடம் மேட்டின் மேல் நேராகப் போய் அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. மேற்கேயிருந்து வரும் மேல்காற்று எத்தனையோ ஆயிரம் வருடமாக இந்த மணலைக் கொண்டுவந்து சேர்த்ததைத் தஸ்லிமா நடந்துகொண்டே சொன்னாள். அரைமணிக்கு ஒருமுறை நின்று, எல்லோரும் தண்ணீர் குடித்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைத்தாள். ரசீத்துக்கு அந்த வேகம் போதவில்லை. தானாயிருந்தால் இந்நேரம் பாதி தூரம் கடந்திருக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆனாலும் அவள் குரலை விட்டுக் காதை எடுக்க முடியவில்லை. வீட்டில் மளிகைச் சாமானும் மின்சார பில்லும் பேசுகிற குரல்தான். இங்கே அது ஏழு பேரையும் இழுத்துக் கட்டி வைத்திருந்தது.

பத்தரை மணிவாக்கில் மகேஸ்வரன் படம் எடுப்பதற்காக வரிசையை விட்டு விலகி உயரமான மேடு ஒன்றில் ஏறினார். தஸ்லிமா வேண்டாம் என்றதற்குக் கையசைத்துவிட்டுப் போனார். இறங்கி வந்தவர் மறுபடியும் ஒருமுறை ஏறினார். இரண்டாவது தடவை இறங்கும்போது கால் பின்னி உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து உலர்ந்திருந்தது. விஜயஸ்ரீ ஓடிப்போய்த் தோளைப் பிடித்ததும், இது எந்த ஊர் என்று அவளிடம் கேட்டார். பையிலிருந்த இரண்டாவது பாட்டில் திறக்கப்படாமலே இருந்தது.

ரசீத் அதற்குமேல் வரிசையில் நிற்கவில்லை. முன்னால் வந்து அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். வந்த வழியே மூன்று கிலோமீட்டர் திரும்பினால் ரோடு, தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றான்.

"இந்த வெயில்ல மூணு கிலோமீட்டர் தூக்கிட்டுப் போனா போற வழியிலேயே அவருக்கு வலிப்பு வந்துரும். முதல்ல உடம்புச் சூடு இறங்கணும்" என்றாள் தஸ்லிமா. பக்கத்தில் நின்ற கொல்லாமரத்தைக் காட்டினாள். "பையப் பைய அவரை அந்த நிழலுக்குக் கொண்டு வாங்க."

நிழலில் கிடத்தியதும் அவள் தரையைத் தட்டிக் காட்டினாள். "மச்சான், இங்கன தோண்டுங்க."

"மணலைத் தோண்டி என்ன செய்ய? சூடுதானே வரும்?"

"தோண்டுங்கன்னு சொல்லுதேன்லா."

ரசீத் மண்டியிட்டுக் கைகளால் தோண்டினான். ஓமானில் ஆள் உயரம் தோண்டினாலும் உலர்ந்த மணல் சரசரவென்று சரிந்துகொண்டே வரும். இங்கே முழங்கை ஆழத்தில் அவன் விரல் நின்றது. மணல் ஈரமாக இருந்தது. பானையின் அடிப்பக்கத்தைத் தொட்டதுபோல் குளிர்ந்தது. கார்த்திகை மழையைத் தேரி உள்ளே வாங்கி வைத்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. சென்னைத் தம்பதியில் அந்தப் பையனும் ரசீத்தும் சேர்ந்து ஆள் நீளத்துக்குத் தோண்டினார்கள். மகேஸ்வரனின் சட்டையைக் கழற்றி அதில் படுக்க வைத்து, அள்ளிய ஈரமணலைக் கை கால்களின் மேல் பரப்பினார்கள். கழுத்திலும் அக்குளிலும் நனைத்த துண்டுகளை வைத்துத் தஸ்லிமா விசிறினாள். நினைவு தெளியும் வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது என்று விஜயஸ்ரீயிடம் சொன்னாள்.

கீழே போனில் சிக்னல் இல்லை. பேராசிரியை ஒருவரை மேட்டின் மேல் அனுப்பி, எந்தக் கோயிலுக்குப் பிரியும் பாதை, எந்தத் தடம், வண்டி எதுவரை வரும் என்று தஸ்லிமா கீழேயிருந்தே சொல்லச் சொல்ல, அவர் அதை அப்படியே 108க்குச் சொன்னார். இருபது நிமிடத்தில் மகேஸ்வரன் கண்ணைத் திறந்து மனைவியின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு போர்வையில் அவரைத் தூக்கிக்கொண்டு, தஸ்லிமா காட்டிய குறுக்குத் தடத்தில் அரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். ஆம்புலன்ஸ் அங்கே வந்து நின்றிருந்தது.

வண்டி போன பிறகு ரசீத் தன் கைகளில் ஒட்டியிருந்த ஈரமணலைத் தட்டினான். தஸ்லிமா மிச்சமிருந்தவர்களை எண்ணி, தண்ணீர் கொடுத்து, அடுத்த நிழல் எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்குள் எல்லோருக்கும் அவன் அவளுடைய கணவன் என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று பேராசிரியைகள் கேட்டார்கள். தான் வெறுமனே நடக்க வந்தவன் என்று சொன்னான். அப்படிச் சொல்வதில் அவனுக்குக் குறைவு எதுவும் தோன்றவில்லை.

சாயங்காலம் தஸ்லிமா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மகேஸ்வரனுக்குக் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். வந்து சேர்வதற்குள் சூட்டைத் தணித்ததால்தான் தப்பித்தார் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் மீதிப் பேர் இரவு தங்கிய குரும்பூரிலிருந்து விடியலில் கிளம்பி நடந்தார்கள். முந்தைய நாள் பார்த்த மணலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாய்க்காலும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக வழி நெடுகப் பச்சை. ஏரல் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குக் கொற்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு கார் நின்றது. விஜயஸ்ரீ தடுத்தும் கேளாமல், டாக்டரிடம் டிஸ்சார்ஜ் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் மகேஸ்வரன். வன்னிமரத்தின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தஸ்லிமாவிடம் கைகூப்பி நன்றி சொன்னார். பிறகு சுற்றிலும் பார்த்தார். குளம், அம்மன் கோயில், ஓட்டு வீடுகள், அப்பால் வயலும் வாழையும்.

"நகரம் எங்கம்மா இருக்கு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தேடினார்.

எத்தனையோ பயணிகளின் முகம் இப்படிச் சப்பென்று ஆனதை ரசீத் ஓமானில் பார்த்திருக்கிறான். அங்கேயாவது காட்டுவதற்கு இடிந்த மதில் உண்டு. இங்கே ஒரு கல் தூண்கூட நிற்கவில்லை. தஸ்லிமாவுக்காக ஏதாவது சொல்லலாமா என்று வாய் துறுதுறுத்தது.

அவள் எல்லோரையும் வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகேஸ்வரனைச் சென்னைப் பையன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். கரை சரிந்த இடத்தில், கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஒரு வரி ஓடியது. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் சிப்பி. கடல் சிப்பி.

"கடல் இப்ப இங்கனேயிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கு சார். அன்னைக்கு இங்கனதான் அலை அடிச்சிருக்கு" என்றாள். "இந்த ஊரை எந்த ராசாவும் வந்து இடிக்கல. நம்ம ஆறுதான் பொதிகையிலயிருந்து மண்ணைக் கொண்டாந்து கொண்டாந்து கடலை அங்கிட்டு தள்ளிட்டு. கப்பல் வர வழியில்லாம போச்சு, ஊரு அடங்கிப்போச்சு. அந்த மண்ணுலதான் இப்ப இந்த வாழை நிக்கி. மதிலு பாக்கணும்னா இங்கன கிடையாது. ஒரு ஆறு ஒரு துறைமுகத்தை வயலா மாத்துனதைப் பாக்கணும்னா, நீங்க நிக்கிற இடம்தான்."

மகேஸ்வரன் கரையில் கையை ஊன்றிக் குனிந்து அந்த வெள்ளை வரியை வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு அவருக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டார். கப்பல் எந்தப் பக்கமாக உள்ளே வந்திருக்கும், ஆற்றின் பழைய தடம் எது, முத்துக் குளித்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். தஸ்லிமா அகழாய்வில் தெரிந்ததைச் சொன்னாள். ஊகம் என்றால் ஊகம் என்றாள். நாலைந்து கேள்விகளுக்கு, அது யாருக்கும் இன்னும் தெரியாது என்று நேராகச் சொன்னாள். ரசீத் பார்த்த வழிகாட்டிகளில் ஒருவர்கூட அந்த வார்த்தையைப் பயணிகளிடம் சொன்னதில்லை. அவள் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள்.

வயலில் களையெடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு பெண் ரசீத்தின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். இந்த டீச்சர் வந்து பேசினால் தானும் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் போவதாகச் சொன்னவள், நீங்க யாரு என்று விசாரித்தாள்.

"நான் அவ வீட்டுக்காரன்" என்றான் ரசீத். நெஞ்சு நிமிர்வதை அவனால் மறைக்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு எல்லோரும் பிரிந்தபோது, அடுத்த மார்கழிக்குத் தன் பழைய அலுவலக நண்பர்கள் பத்துப் பேரோடு வருவதாக மகேஸ்வரன் சொன்னார். தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் தானே எண்ணி எடுத்து வருவாராம். விஜயஸ்ரீ தஸ்லிமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சற்றுநேரம் விடவில்லை.

திருநெல்வேலி பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. இந்தப் பருவத்தின் கடைசி நடைக்கு அடுத்த வாரம் இருபது ஆசிரியர்கள் வருகிறார்கள் என்றும், அவ்வளவு பேருக்குப் பின்னால் வர நிதானமான ஆள் ஒருவர் வேண்டும் என்றும் தஸ்லிமா சொன்னாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். ரசீத்துக்கு நாலு நாளில் விமானம்.

அவன் போனை எடுத்து மஸ்கட்டில் இருக்கும் மேலாளர் காஜா முகைதீனைக் கூப்பிட்டான். அவர் காயல்பட்டினத்துக்காரர். பத்து நாள் கூடுதலாக விடுப்பு வேண்டும் என்றான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அவர் பதறினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. என் வீட்டுக்காரிக்குக் கூடமாட ஒரு ஆளு வேணும்."

அப்படி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவர் கேட்டார். ரசீத் தேரியிலிருந்து ஆரம்பித்தான். கொல்லாமர நிழலில் தோண்டியதை, ஈரமணலை, வாய்க்கால் கரையில் ஓடிய வெள்ளை வரியை ஒன்று விடாமல் சொன்னான். பஸ்ஸே கேட்கிறது, சத்தத்தைக் குறையுங்கள் என்று தஸ்லிமா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாளையங்கோட்டை வரும்வரை அவன் குறைக்கவே இல்லை.