ஏகமனதாக இல்லை

தொண்ணூற்றாறில் வந்த ஊராட்சித் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அனுசியாவை நிறுத்தியது அவள் புருஷன் ராஜவேல்தான். ஜெயித்ததும் மாலை அவன் கழுத்தில் விழுந்தது. விருத்தாசலத்தை ஒட்டிய செம்மேட்டில் மெம்பர் என்றால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அனுசியா எப்போதும்போலப் பீங்கான் கம்பெனிக்குப் போய், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குப் போனால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

மறு வருஷம் ஆனி மாதக் கூட்டத்தில் தலைவர் தேவநாதன், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊராட்சி நடத்தும் குழந்தைகள் காப்பகத்தை மூடப்போவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் ஊர் முகப்பில் வளைவு கட்டலாமாம்.

"பெத்தவளுக்குத் தன் புள்ளயப் பாத்துக்கத் தெரியாதா? அதுக்கு ஊர்ப் பணமா?"

மற்ற மெம்பர்கள் சிரித்தார்கள். அனுசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பகம் வருவதற்கு முன், அவளோடு வேலை செய்யும் சந்திரலேகா தன் மகளைச் சூளைக்குப் பக்கத்தில்தான் சாக்கு விரித்துப் படுக்கவைப்பாள். ஒருநாள் தவழ்ந்துபோன குழந்தை, சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிவைத்த சூடான தட்டில் கையை ஊன்றிவிட்டது. அந்தக் கையின் விரல்கள் இன்னும் நிமிரவில்லை.

எழுத்தர் நடராசன் தீர்மானத்தை வாசித்து, "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று முடித்தார். பேனா அனுசியாவிடம் வந்தது.

"ஏகமனதான்னா என்னாங்க?"

"எல்லாருக்கும் சம்மதம்னு அர்த்தம்மா."

"எனக்குச் சம்மதம் இல்லியே."

ஜன்னலுக்கு வெளியே நின்ற ராஜவேல், போட்டுத் தொலை என்பதுபோல் கையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஊர்ப் பணம்னு சொன்னீங்களே தலைவரே, அந்த ஊருல நாங்க இல்லியா? வூட்டு வரி நாங்க கட்டலியா? சந்திரலேகா மவ கைய ஒருவாட்டி வந்து பாருங்க, அப்புறம் வளைவு கட்டுங்க. நான் ஒத்துக்கலன்னு எழுதுங்க. எழுதாம எழுந்திரிக்க மாட்டேன்."

"அப்பிடி எழுதுற வழக்கம் இல்லம்மா" என்றார் நடராசன்.

"இன்னியிலேருந்து இருக்கட்டும்."

எழுதினார்கள். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரமே காப்பகத்துக்குப் பூட்டு விழுந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா கண்ணம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராஜவேல் கொதித்தான். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இனிமே தலைவருகிட்ட போயி நிப்பேன்?"

"நீங்க ஏன் போறீங்க? மெம்பரு நான். நான் போயி நிக்கறேன்."

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். சொல்லிவிட்டோமே என்று அவளுக்கும் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு நாலைந்து பேருக்கு மேல் வருவதில்லை. மிட்டாய் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு சரி. இந்த முறை அனுசியா, கம்பெனியில் டீ நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் பேசியிருந்தாள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூட மைதானம் நிறைய உட்கார்ந்தார்கள்.

"என்னாம்மா இது, கட்சி மாநாடா?" என்றார் தேவநாதன்.

"கிராம சபைங்க. நீங்கதான தண்டோரா போட்டீங்க?"

யாரிடமும் அதிர்ந்து பேசாத சந்திரலேகா எழுந்தாள். "எங்க கூலியிலதாங்க இந்த ஊருல கடையெல்லாம் ஓடுது. புள்ளைங்களுக்கு ஒரு எடம் கேக்கறோம். இது ஒண்ணும் பிச்சை இல்ல."

காப்பகத்தைத் திறக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னாள் அனுசியா. மைதானமே கை தூக்கியது. நடராசன் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேறெங்கோ பார்த்தார். யாரும் சொல்லாமலே நடராசன் எழுதத் தொடங்கினார்.

அதற்குப் பிறகும் தேவநாதன் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அனுசியா எழுந்து அதையே கேட்டாள். ஐப்பசி மழையில் ஒருநாள் கதவு திறந்தது. கண்ணம்மாள் தரையைக் கழுவி, தொட்டில் கட்டினாள்.

அந்த மாதக் கூட்டத்திலும் அனுசியா எழுந்து நின்றாள்.

"அதான் தொறந்தாச்சே, இன்னும் என்னாம்மா?"

"சனிக்கிழமையும் கம்பெனி இருக்குதுங்க. அன்னிக்கும் தொறக்கணும். எழுதிக்குங்க, நடராசன் சார்."