நேர்ந்துவிட்ட ஆட்டோ

ஒத்தப்பனைப்பட்டியில் சோலார் ஆட்டோ ஒன்று ஐந்து மாதம் யாரையும் ஏற்றாமல் தானாகவே மேய்ந்து திரிந்தது. காலையில் கண்மாய்க்கரை, மத்தியானம் கருவேலங்காட்டுத் தரிசு, சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவரோரம் என்று வெயில் நகர்கிற பக்கம் அதுவும் நகரும். மேலே ஏறி உட்கார்ந்தால் நின்றுவிடும். இறங்கினால்தான் கிளம்பும்.

அந்த ஊருக்கு பஸ் கிடையாது. பஸ் நிற்கும் ஆமத்தூர் விலக்குக்கு ஆறு கிலோமீட்டர் கரிசல் பாதை, மழை பெய்தால் செருப்பு அங்கனயே தங்கிவிடும். வாசல் தேடி வருவது பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்றுதான். காலை ஆறரைக்கு வரும், கம்பெனிக்கு மட்டும் போகும். ஊரில் யார் என்ன படித்தாலும் கடைசியில் அந்த வேனில்தான் ஏறினார்கள். சின்னத்தாய் இரண்டு விரலை அந்தக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்தவள். அவள் மகள் வேல்விழிக்கு விருதுநகரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்ததும், ஏழு பத்து பஸ்ஸை எப்படிப் பிடிப்பது என்பதே வீட்டில் பேச்சு. மகளிர் குழு மனுப்போட்டு, ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் கூரையில் தகடு வைத்த ஆட்டோவைச் செய்து கொடுத்தார்கள். பெட்ரோல் வேண்டாம், வெயில் போதும். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்! ஆறு நாற்பதுக்குக் கிளம்பினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஐப்பசியில் வண்டி வந்த அன்று மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நல்லபடி ஓடினால் பொங்கல் வைக்கிறேன் என்றுதான் சின்னத்தாய் நேர நினைத்தாள். சந்தோஷத்தில் வாய் குழறி, "இருக்கன்குடி ஆத்தா, இத ஒனக்கே நேந்துவிட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். சாவி போடாமலே ஆட்டோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு புறப்பட்டது. நேர்ந்துவிட்ட கிடாயை யார் மறிப்பார்கள்? கழுத்தில் மணி கட்டத்தான் முடியும். ஆட்டோவுக்குக் கழுத்து ஏது, கண்ணாடிக் கம்பியில் கட்டினார்கள்.

கல்லூரிக்காரர்கள் வயரைப் பிரித்துப் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். பழையது இருக்கும்வரை புதுசு கிடையாது என்றும் சொன்னார்கள். வேல்விழி நடந்து போய்ப் பார்த்தாள், சேற்றில் முக்கால்வாசி நாள் பஸ்ஸை விட்டாள். பெயரை அடித்துவிடுவோம் என்று நர்சிங் ஸ்கூலிலிருந்து கடுதாசி வந்த அன்று ஆட்டோ முன்னால் நின்று அழுதாள். அது மணி ஆடாமல் கேட்டுக்கொண்டு நின்றது, பிறகு கண்மாய்ப் பக்கம் போய்விட்டது. பாவம், அதுதான் என்ன செய்யும்.

பூசாரி ஊர்க்காவலன், "விட்டதத் திருப்பிக் கேக்க முடியாது தாயி. வெட்டிப் பங்கு வச்சாத்தான் நேத்தி தீரும்" என்றார். பழையது இல்லாமல் போனால் புதுசு வரும் என்று சின்னத்தாயும் மனசைத் தேற்றிக்கொண்டாள். பங்குனிக் கடைசி வெள்ளியன்று மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். கிடாய் சம்மதம் சொல்கிற மாதிரி ஆட்டோ முன்சக்கரத்தை உதறித் துலுக்கியது. அதை ஓட்டுவதற்கென்று பழகியிருந்த முனியராஜே கட்டரை வைத்தான். உள்ளேயிருந்து ஐந்து மாத வெயில் மஞ்சளாக ஒழுகியது. பெண்கள் சட்டியில் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வீட்டுக்கும் தகட்டில் ஆளுக்கொரு துண்டு, அதில் இன்றைக்கும் பல்பு எரிகிறது. நேர்ந்தவளுக்குத் தலை சேரணும் என்று ஹேண்டில்பாரை ஹாரனோடு சின்னத்தாய்க்குக் கொடுத்தார்கள்.

பழைய வண்டியை முழுசாகத் திருப்பித் தந்தால்தான் புதுசு என்றார்கள் கல்லூரிக்காரர்கள். முழுசுக்கு எங்கே போவது? சின்னத்தாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சித்திரையில் வேல்விழி பெயரை அடித்தார்கள், வைகாசியில் அவள் வேன் ஏறினாள்.

ஹேண்டில்பார் சின்னத்தாய் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு மூன்று தடவை ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீடுகளில் உலை வைக்கிறார்கள். வேன் ஆறரைக்கே போயிருக்கும். சின்னத்தாய் அடுப்படியிலிருந்து, "அவ போயிட்டா" என்பாள். ஹாரன் நின்றுவிடும்.