வாசல் வரைக்கும் வந்தவள்

1

இந்தக் கதை எனக்கு அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் கிடைத்தது. கொடுத்தவர் முத்துத்தாய். எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் மகளிர் குழு நடத்துகிறவர். பஸ்ஸில் ஏறக் கால் வைத்தவர், கடையில் வாங்க மறந்த சாமானைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"நீ மில்லுக்குப் போறதுக்கு மூணு நாளைக்கு முந்தி, வெள்ளிக்கெழம, உங்கம்மா எங்க கூட்டத்து வாசல் வரைக்கும் வந்தாக. நின்னாக. திரும்பிப் போயிட்டாக. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாகத் தெரியாது. மிச்சத்தைப் பிறகு போனில் அவரிடம் கேட்டு வாங்கினேன்.

பகலில் நூல் மில்லில் வேலை. சாயங்காலம், பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்கான வகுப்பு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் டைரி. அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: பார்த்ததை மட்டும் எழுதுவது. தேதி, ஷிப்ட், சாப்பாடு, பார்த்தது ஒன்று. இதை நான் பார்க்கவில்லை. அதனால் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கதை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கதையில் அம்மாவின் பெயர் முருகலட்சுமி. அப்பா, சுந்தரபாண்டி. மகள், தேவிபிரியா. [மூன்றும் நானே வைத்தவை. முத்துத்தாய் மட்டும் தன் பெயரை மாற்றவேண்டாம் என்றுவிட்டார்.]

2

முதல் தொடக்கம்: "வானம் பார்த்த பூமியில் வாழும் பெண்களின் துயரம்..." அடித்துவிட்டேன். அது அம்மா இல்லை, மேடைப் பேச்சு.

இரண்டாவது: "முருகலட்சுமி ஏழை." இதையும் அடித்தேன். எட்டு ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் வீட்டை ஏழை என்று எழுதினால் அம்மா நோட்டைக் கிழித்துவிடுவாள். அந்த எட்டு ஏக்கரில் அந்த வருடம் ஒன்றும் விளையவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது:

டிராக்டரிலிருந்து விழுந்து சுந்தரபாண்டியின் இடுப்பெலும்பு முறிந்த ஆறாவது மாதம், முருகலட்சுமி காரியாபட்டிக்கு அக்காளைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நரிக்குடிப் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கப் போனாள்.*

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

* எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் சொந்தக் காட்டில் நாள் முழுக்கக் குனிவார்கள். அடுத்தவர் காட்டில் கூலிக்குக் குனியமாட்டார்கள். யார் போட்ட சட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

3

தேவிபிரியாவுக்குப் பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை மில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொள்ளும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளை ஏற்றாமல் வேன் திரும்பிப் போகவேண்டும். முருகலட்சுமிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் பையிலிருந்த கணவனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டினாள். தலையில் துண்டைக் கட்டி, அதன் நுனியால் முகத்தையும் மறைத்துக்கொண்டாள். மூக்குத்தியை முந்தின நாளே கழற்றியாயிற்று. எல்லாவற்றையும் யோசித்தவள் தூக்குவாளியை யோசிக்கவில்லை. கல்யாணத்தில் வந்த வாளி. அதன் வயிற்றில் "க.சுந்தரபாண்டி, எம்.ரெட்டியபட்டி" என்று கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது. எங்கள் பக்கம் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. அதைப் போய் வேப்பமரத்தடியில், இருபது பேர் வாளிகளுக்கு நடுவில், பெயர் தெரிய வைத்துவிட்டு மிளகாய்ச் செடி நிரையில் இறங்கினாள்.

மத்தியானம் வந்து பார்த்தால் வாளி மரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மேலே யாருடைய துண்டோ போர்த்தியிருந்தது.

அதே காட்டுக்குக் கூலிக்கு வந்திருந்த முத்துத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெயிலு பட்டா மோரு புளிச்சிரும்னு திருப்பி வச்சேன் தாயி."

[மரத்தடியில் வெயில் ஏது? இருவருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.]

சாப்பிட்டு முடியும்வரை முத்துத்தாய் வேறு கதையெல்லாம் பேசினார். எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் அங்கன்வாடியில கூட்டம். வந்து உக்காந்து, இவ்வளவு கடன் வேணும்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. யாரா இருந்தாலும் அதுதான் எங்க சட்டம். மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

4

இதுவரை எழுதியதைப் பானுப்பிரியாவிடம் கொடுத்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்காரி. படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ஏன்டி, இந்த முத்துத்தாய்க்கு ரெண்டு றெக்கை மட்டும்தான் கொறையுது. அதையும் வச்சிரு."

சரிதான். முத்துத்தாய் வருடக்கணக்காக எங்கள் காட்டில் பருத்தி எடுத்தவர். வரப்பில் நின்று அம்மா அவரை விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன் (இது டைரியின் முன்பக்கத்திலேயே எழுதலாம்). குழுவில் சேரக் கூப்பிட வந்தபோது, எங்கள் வீட்டுக்கு எதற்குக் குழு என்று அம்மா சிரித்து அனுப்பியதும் உண்டு. அப்படிப்பட்டவர் ஏன் வாளியைத் திருப்பி வைக்கவேண்டும்? இந்த இடத்தில் கதாபாத்திரத்தை நம்பமுடியாமல் நான்கு நாள் எழுதவில்லை. பிறகு போனில் அவரையே கேட்டேன். கொஞ்ச நேரம் சிரித்தார்.

"உங்கம்மாவுக்கு வாய்தான் நீளம். கூலியில ஒரு நாளும் கையி வச்சதில்ல. அதுக்காகன்னு வச்சுக்கோ." பிறகு, "ஏன் திருப்பி வச்சேன்னு எனக்கே தெரியாதுத்தா. பேரப் பாத்தேன், கை போயிருச்சு."

கடைசி வாக்கியம் நான் எழுதியிருந்த பக்கத்தைவிட நன்றாக இருக்கிறது. பொறாமையோடு அப்படியே வைக்கிறேன்.

5

வெள்ளிக்கிழமைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் முருகலட்சுமி உள்ளே போய் உட்கார்ந்து, "என் மகள் படிக்கணும்" என்கிறாள். பன்னிரண்டு பெண்களும் சம்மதம் என்கிறார்கள். எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தபோது அது அம்மாவின் குரலாக இல்லை, என் குரலாக இருந்தது.

இரண்டாவதில் முத்துத்தாய் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்...

பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் ஏன் எழுந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். போனிலேயே சொன்னார். வாசலில் அம்மா நின்றதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவுடன் பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்து, நடுவில் கிடந்த நோட்டில் ஏதோ இருப்பதுபோல அதையே பார்த்திருக்கிறார்கள். பெரிய வீட்டுக்காரி வந்து நிற்கிறாள், நாம் பார்த்தால் கூச்சப்படுவாள், அவளாக வரட்டும். மரியாதை.

வெளியே நின்றவள் பார்த்தது பன்னிரண்டு குனிந்த தலைகளை. ஒருத்திகூட நிமிரவில்லை. நம்மை வேண்டாம் என்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். [அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. இரண்டு முறை ஊருக்குப் போயும் கேட்கவில்லை. மூன்றாம் முறையும் கேட்பேன் என்று தோன்றவில்லை.]

மூன்றாவது முடிவு நடந்தது. திங்கட்கிழமை வேன் வந்தது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. என்னை அனுப்புவதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் ஏறினேன்.

அதைக் கதையில் எழுதமாட்டேன். கதையில் இன்னும் வெள்ளிக்கிழமை.

6

முத்துத்தாய் சொன்னதில் ஒன்றை மட்டும் இவ்வளவு நேரம் எழுதாமல் வைத்திருந்தேன். திரும்பிப் போவதற்கு முன் அம்மா ஒரு காலின் செருப்பைக் கழற்றியிருக்கிறாள். ஒன்றை மட்டும்.

அந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன். முருகலட்சுமி ஒற்றைச் செருப்போடு நிற்கிறாள். அவள் வாயைத் திறக்கமாட்டாள். நான் எத்தனை தரம் எழுதினாலும் திறக்கமாட்டாள். முத்துத்தாய் மரியாதை தெரிந்தவர், நிமிரமாட்டார். நான் அங்கே இல்லை. வீட்டில் அப்பாவுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கூட்டத்துக்கு விரித்த பாயில் கதவோரமாக ஒரு இடம் விட்டிருக்கிறேன், உங்களுக்கு. நீங்கள் எங்கள் ஊர் இல்லை. யார் காடு, யார் கூலி என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அவள் வெறுமனே வாசலில் நிற்கிற ஒருத்தி.

கொஞ்சம் நிமிர்ந்து, வாங்க என்று சொல்லுங்கள்.